தூவியின் நடுவில் ஒரு பொட்டு

மரக்காலில் அரிசியைச் சடாரென்று கொட்டினால் சீக்கிரம் நிரம்பிவிடும். உயரத்திலிருந்து மெல்லத் தூவினால் அதே மரக்காலில் கூடவே ஒரு கைப்பிடி இறங்கும். விற்கும்போது கொட்டு, வாங்கும்போது தூவு என்பது அல்சூர் பஜாரில் தவச தானியக் கடை வைத்திருந்த ராதாவின் குடும்பத்துக்குப் பால்குடி வயசிலேயே தெரிந்த விஷயம். இதையே சேஷகிரி என்ற இன்ஜினியர் வரைபடம் விரித்து விளக்கியபோது, "இதுக்கு எதுக்கு சார் இவ்ளோ கோடு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, ஏசி அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த விற்பனை வேலையை உதறி அவருக்குப் பார்ட்னராகவும் ஆனாள். அவருக்கு மூளை, இவளுக்கு வாய். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் பாதிக் கம்பெனிகள் இந்த இரண்டில் ஒன்று இல்லாமல்தான் மூடிக் கிடக்கின்றன.

அவர்கள் செய்த இயந்திரத்துக்குக் காகிதத்தில் நீளமான இங்கிலீஷ் பெயர் உண்டு. அவர்கள் ஷெட்டில் எல்லாரும் தூவி என்பார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பனைமர உயரத்துக்கு இரும்புக் கலன்கள் நிற்கும். அவற்றுக்குள் கேட்டலிஸ்ட் என்று மிளகு அளவில் உருண்டைகளை நிரப்ப வேண்டும். மேடு பள்ளம் இல்லாமல் நிரப்ப வேண்டும், அதுதான் கஷ்டம். ஒரு பக்கம் இளகலாக இருந்தால் எண்ணெய் அந்த வழியாகவே ஓடும், இன்னொரு பக்கம் கொதித்துத் தீய்ந்துபோகும், கடைசியில் ஆலையையே நிறுத்த வேண்டி வரும். தூவியில் மேலே ஒரு தொட்டி, அடியில் சுழலும் ஒரு தட்டு, தட்டின் நடுவிலிருந்து ஓரம்வரை வெட்டிய வாய்கள். தட்டு சுற்றச் சுற்ற உருண்டைகள் மழையாக விழும். வேகம் கூடினால் ஓரத்துக்குப் பறக்கும், குறைந்தால் நடுப்பக்கம் ஒதுங்கும்.

அன்றைக்கு அதற்குப் பரீட்சை. சென்னைப் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து பாலசுப்ரமணியன் வந்திருந்தார். ஆள் ஒல்லி, பேச்சும் ஒல்லி. கொடுத்த டீயைத் தொடாமல் வாயில் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு, ஷெட்டின் நடுவில் நிறுத்தியிருந்த கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் கலனைச் சுற்றிச் சுற்றி வந்தார். போன மாதம் அவர் அறையில், வெளிநாட்டு மெஷினே இருக்கும்போது உங்களுடையது எதற்கு என்று ஃபைலை மூடப் போனவரை ராதாதான் ஒரு வார்த்தையால் பிடித்து நிறுத்தினாள். ஒரே ஒரு தடவை தூவிக் காட்டுகிறோம், கலனில் போட்ட கோடு வரைக்கும் நிரம்பியதும் அளந்து பாருங்கள், சொன்ன அளவுக்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் இரண்டாவது வாய்ப்பே கேட்க மாட்டோம் என்றாள். பேரத்தில் எதிராளியை உட்கார வைக்க இப்படி ஒன்றை எடுத்துப் போடுவது பஜார் வழக்கம். ஆனால் இந்தத் தொழிலில் வாங்குகிறவர்கள் மொத்தமே ஒரு டஜன் பேர், அவர்கள் தினம் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள். இங்கே சறுக்கினால் தூவியை எடைக்குத்தான் போட வேண்டும்.

இதற்குள் ராதா இன்னொரு காரியமும் செய்திருந்தாள். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர்கள் கடையில் காலையில் முதல் வியாபாரத்துக்கு முன்னால் மரக்காலின் உள்பக்கம், அடியில், சந்தனம் வைத்து மேலே குங்குமம் வைத்து ஒரு பூவிதழ் ஒட்டுவார்கள். வெளியில் வைத்தால் அது வாடிக்கையாளர் பார்க்க, உள்ளே வைத்தால்தான் போணிக்கு என்பது கணக்கு. சேஷகிரிக்கோ இயந்திரத்துக்குள் வேறு எதுவும் போகக் கூடாது. ஃபிட்டர் வெங்கியின் கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றி வைக்கச் சொல்கிறவர். மோட்டாருக்கு மாலை போட்டுக்கொள்ளுங்கள், அத்தோடு சரி என்றுவிட்டார். மோட்டாருக்கு மாலை போடுவது மரக்காலை விட்டுவிட்டு மளிகைக் கடைச் சுவருக்குப் பொட்டு வைத்த மாதிரி ராதாவுக்குப் பட்டது. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஏணியில் ஏறித் தட்டின் நடு வாயில் சந்தனத்தைத் தாராளமாகவே அப்பிவிட்டு இறங்கினாள். விரலைத் துடைத்தாள். மஞ்சள் போகவில்லை. முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

வெங்கி சுவிட்சைப் போட்டான். தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி ஒரே சீரான ஓசை. கலனின் அடியில் வெள்ளை உருண்டைகள் பாய் விரித்தது போலப் படிந்து எழுந்தன. சேஷகிரியின் தோள் இறங்கியது. பாலசுப்ரமணியன் ஏலக்காயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள ராதா தயாராகத்தான் இருந்தாள்.

இடுப்பளவு வந்தபோது அவள் முதலில் கண்டாள். ஓரம் கொஞ்சம் உயர்ந்திருந்தது. கண் ஏமாற்றுகிறதோ என்று ஓரடி நகர்ந்து பார்த்தாள். ஏமாற்றவில்லை. நடுவில் லேசாகக் குழிந்து, குழம்பு ஊற்றச் சோற்றில் கட்டும் பாத்தி மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. எங்கே கோளாறு என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஈரச் சந்தனத்தில் உருண்டைகளின் மாவுத்தூசி ஒட்டி, மேலும் ஒட்டி, சிமெண்ட்டாக இறுகி நடு வாயை அடைத்திருக்கும். மஞ்சள் விரலை முந்தானைக்குள் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

வெங்கி ரப்பர் சுத்தியலோடு அவள் பக்கம் நழுவி வந்தான். "மேடம், ரெண்டு தட்டு தட்டட்டா? சும்னே தானா ஒக்காந்துரும். அவரு அந்தப் பக்கம்தான் பாக்குறாரு."

அளவைத் தட்டி உட்கார வைப்பதை அவளுக்கா சொல்லித் தர வேண்டும்? கை பரபரத்தது. தட்டினால் பள்ளம் மறையும், ஆனால் உருண்டைகள் நொறுங்கி நெருக்கிக்கொள்ளும். அளப்பவர் அளவு நாடாவோடு நிறுத்தாமல் எடையையும் கேட்டால் குட்டு உடைந்துவிடும். "பேடா வெங்கி, வேணாம், கீழ வை" என்றாள்.

இன்னொரு வழியும் இருந்தது. உருண்டைகள் ஆலை அனுப்பியவை. உங்கள் சரக்கில் தூசி அதிகம் சார் என்று சொல்லலாம். பாதி உண்மைதான், நிரூபிக்கவும் முடியும். அந்த வாக்கியம் முழுசாக, நிறுத்தற்குறியோடு, அவள் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. பாலசுப்ரமணியன் குனிந்து பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் சேஷகிரி சுவிட்சை அணைத்துவிட்டார். மழை சட்டென்று நின்ற மாதிரி ஷெட்டில் ஓசை அடங்கியது. ஆறு வருஷம் தூங்காமல் போட்ட கணக்கு அவர் முகத்தில் அங்கேயே அழிந்துகொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தவரைப் பார்த்து, துடைக்கத்தான் போகிறார் என்று நினைத்தாள். துடைக்கவில்லை.

"சார், நடு வாயோட அகலத்த நான் தப்பா போட்டுட்டேன் போல" என்றார். "இது வந்து… டிசைன்லயே…"

அந்தச் சொல் முழுதாக வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போகாது. ராதா முந்தானையை விட்டாள்.

"டிசைன்ல ஒண்ணும் இல்ல சார். நடு வாயில நான் சந்தனம் வச்சேன். காலைல. இவருக்குத் தெரியாது."

சேஷகிரி திரும்பினார். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் மட்டும் உபயோகிக்கும் ஒரு கன்னடச் சொல் அவர் வாய்வரை வந்து, விருந்தாளியைப் பார்த்து விழுங்கப்பட்டது. பாலசுப்ரமணியன் அவளுடைய மஞ்சள் விரலைப் பார்த்தார்.

"எதுக்கு?"

"போணி சார்."

"பூவும் வச்சீங்களா?"

"ஒரே ஒரு இதழ்."

அவர் அதை மனசுக்குள் எங்கோ எழுதிக்கொண்ட மாதிரி தலையசைத்தார். சேஷகிரி அவசரமாக, திறந்து கழுவிவிட்டு முதலிலிருந்து தூவிக் காட்டுகிறேன் என்று சொல்லத் தொடங்கினார். பாலசுப்ரமணியன் கை உயர்த்தி நிறுத்தினார்.

"ஒரே தடவைன்னு சொன்னது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் ராதா.

"அப்ப மூடியத் தொடாதீங்க. எங்க கலன்ல நைட்ரஜன் அடைச்சிருக்கும், நெனச்சா தொறக்க முடியாது. சாக்கு நூல் அடைச்சா என்ன, உங்க சந்தனம் அடைச்சா என்ன, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். அங்க என்ன பண்ணுவீங்களோ, அத இங்க பண்ணுங்க."

கதவைச் சாத்திவிட்டு ஜன்னலை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைக்கிற வியாபாரியின் குரல் அது. அதை அவளால் அடையாளம் காண முடிந்தது.

"கோடு வரைக்கும் ரொம்புனதும்தான் அளவு. பாதியில அளக்கக் கூடாது. அதான் நம்ம பேச்சு" என்றாள்.

"அதான் பேச்சு."

கோட்டுக்கு இன்னும் இடுப்பிலிருந்து மார்பளவு தூரம் இருந்தது. சேஷகிரி பேனல் முன்னால் போய் நின்றார். தட்டின் வேகத்தைக் குறைத்தால் மற்ற வாய்களிலிருந்து விழுவது நடுப்பக்கம் ஒதுங்கிப் பள்ளத்தை மூடும். அளவுக்கு மீறிக் குறைத்தால் பள்ளம் இருந்த இடத்தில் மேடு முளைக்கும். பேனலில் நின்றால் கலனுக்குள் பார்க்க முடியாது. வேகக் குமிழைப் பிடித்துக்கொண்டார். அவளைப் பார்க்காமலேயே, "நீ சொல்லு" என்றார்.

ராதா கன்னத்தை அக்ரிலிக்கில் ஒட்டிக்கொண்டாள். கடையில் குவித்த துவரையின் மட்டத்தைப் பார்க்கிற அதே பார்வை. மழை மறுபடி பிடித்தது, இந்த முறை மந்தமாக.

"இன்னும் கொறைங்க. இன்னும். அப்டியே வைங்க."

பள்ளத்தின் கரை உள்ளே சரிந்தது. பாத்தி கிண்ணியானது, கிண்ணி தட்டானது. அவள் மூச்சில் அக்ரிலிக் மங்கியது. மஞ்சள் விரலாலேயே துடைத்தாள். ஒரு கட்டத்தில் நடுவில் சின்னதாக ஒரு மொட்டு எழுந்ததைக் கண்டாள்.

"ஏத்துங்க சார். போதும், போதும், ஏத்துங்க."

அவர் ஏற்றினார். மொட்டு பரவியது. முழுக்கப் பரவியதா என்று தெரிவதற்குள் உருண்டைகள் கோட்டைத் தொட்டன. "நிறுத்துங்க" என்றார் பாலசுப்ரமணியன்.

அளவு நாடாவை அவர் தன் பையிலிருந்தே எடுத்தார். வெங்கி ஏணியைப் பிடித்துக்கொள்ள, தானே ஏறி, எடைக்குண்டு கட்டிய நுனியை ஓரமெல்லாம் இறக்கினார், பிறகு நடுவில் இறக்கினார். நடுவில் மட்டும் இன்னொரு முறை இறக்கினார். அந்த இரண்டாம் முறைக்குள் ராதா தனக்குத் தெரிந்த எல்லாச் சாமிக்கும் ஒரு வாக்குக் கொடுத்தாள். எந்தச் சாமிக்கும் சந்தனம் என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் இறங்கி வந்து நாடாவைச் சுருட்டினார்.

"இழுத்துப் பறிச்சுத்தான் தேறுது. ஆனா தேறுது."

சேஷகிரி பக்கத்திலிருந்த உருண்டை டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார். பாலசுப்ரமணியன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தூவியைத் திறந்து, கழுவி, உலர்த்தி, தன் கண் முன்னால் மூடச் சொன்னார். நடு வாயிலிருந்து வெங்கி பெயர்த்தெடுத்த சந்தனக் கட்டி சுண்ணாம்புக் கல் மாதிரி இருந்தது, இதழ் அதற்குள் பத்திரமாக இருந்தது. அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். மூடிக்குக் கம்பி கோத்து ஈய முத்திரை வைத்து இறுக்கினார். இனி அந்த முத்திரையைத் தன் ஆலையில் தான்தான் வெட்டுவேன் என்றார். அங்கே மேலே ஏறுகிறவர் சேஷகிரி மட்டும், ராதா ஆலை கேட்டோடு சரி என்றும் சேர்த்துக்கொண்டார்.

"கேட்டுக்கு உள்ளயா சார், வெளியயா?"

அவர் ஏலக்காயை மென்று யோசித்தார். "உள்ள. கையக் கழுவிட்டு."

மாலையில் லாரி வந்தது. சேஷகிரி அதுவரை அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் வெங்கி வழியாகவே சொல்லி அனுப்பினார். தூவியை ஏற்றிக் கட்டி முடித்ததும், வெங்கி கற்பூரம் காட்டிவிட்டு எலுமிச்சம்பழத்தோடு நின்று அவர் முகத்தைப் பார்த்தான். ராதா சோப்புப் போட்டுத் தேய்த்துச் சிவந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேஷகிரி முதலில் ஏறிப்போய் ஈய முத்திரையை இழுத்துப் பார்த்தார். பிறகு இறங்கி, வெங்கி சக்கரத்தடியில் வைத்த பழம் கொஞ்சம் விலகியிருப்பதைக் கண்டு, குனிந்து, டயர் சரியாக ஏறும்படி நகர்த்தி வைத்தார்.