எக்கார்ட் வாயைத் திறக்காத நாள்

என் கணவர் எக்கார்டுக்கு அன்று ஒரே ஒரு வேலைதான்: வாயை மூடிக்கொண்டிருப்பது. மகள் யூடித் காலையிலேயே ஃபோன் செய்து மிரட்டிவிட்டாள். "அப்பா, இன்னைக்கு ஒரு ஜோக் சொன்னாலும் சரி, கல்யாணத்துல நீங்க பேசறதை மறந்துடுங்க. மைக்கை மாமா கையில குடுத்துடுவேன்."

விருந்தில் பெண்ணின் அப்பா எழுந்து பேசுவது எங்கள் வழக்கம். வசந்தத்தில் நடக்கப்போகும் கல்யாணத்துக்கு இந்த மனிதர் கோடையிலிருந்தே குளியலறைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார். மகள் சொன்னதைக் கேட்டு முகம் சுண்டிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் தப்பு அவர் மேல்.

எங்கள் நாட்டில் முட்டாள் ஜோக் என்றாலே கிழக்கு ஃப்ரீஸ்லாந்துக்காரர்களின் தலைதான் உருளும். மாப்பிள்ளை ஒன்னோ மேடே இல்லாத அந்தத் தட்டைக் கடலோரத்துப் பையன். நிச்சயதார்த்தத்தன்று அவனுடைய அம்மா ஹில்கேயை எதிரே வைத்துக்கொண்டே இவர் ஒன்றை எடுத்துவிட்டார். சம்பந்தியம்மா கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. என்ன ஏது என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

அதைச் சரிக்கட்டத்தான் இந்த அக்டோபர் ஞாயிறு. எங்களைப் பார்க்க வந்திருந்த சம்பந்தியம்மாவை வெர்ட்ஹைம் கோட்டைக்குக் கூட்டிப் போனோம்.

ரயிலில் மைன் நதியோரம் திராட்சைத் தோட்டங்கள் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தன. தூக்கத்தில்கூடப் பேசுகிற என் கணவர் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உங்க ஊர்ல எதுக்கு இவ்வளவு மேடும் பள்ளமும்? ஒருத்தரும் சரி பண்ண மாட்டாங்களா?" என்றார் ஹில்கே.

எக்கார்டின் காது சிவந்தது. நான் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

ஊருக்குள் ஒரு பழைய வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கோட்டையைக் காட்ட வந்தால் சம்பந்தியம்மா அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. தன் தலைக்கு மேலிருந்த கோடு ஒன்றை அண்ணாந்து பார்த்தார். "இது வரைக்கும் தண்ணி வந்துதா? அதுக்கப்புறமும் இங்கேயேவா இருக்கீங்க? எங்களைப் போய் முட்டாள்ங்கறாங்க!"

"ஆமா," என்றார் எக்கார்ட். அவ்வளவுதான்.

கோட்டைக்கு ஏறும் வழியில் சம்பந்தியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "எங்க ஊர்ல உயரமான இடம்னா சாப்பாட்டு மேஜைதான், சம்பந்தி."

என் கணவர் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு இருமுவதுபோல் நடித்தார். சிவப்புக் கல் மதிலையும் கீழே சேரும் இரண்டு ஆறுகளையும் அன்று யார் பார்த்தார்கள்? நான் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்து ஒரு மதுக்கடையில் உட்கார்ந்தோம். நுரை அடங்காத புதுத் திராட்சை மதுவும், வெங்காயம் போட்டுச் சுட்ட அடையும் வந்தன. இரண்டாவது கிளாஸில் ஹில்கே என் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, மனசுல வெச்சுக்காம சொல்லுங்க. உங்க வீட்டுக்காரருக்கு என்னைப் பிடிக்கலையா?"

"ஐயோ, ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

"காலையிலேர்ந்து நானும் எடுத்து எடுத்துக் குடுக்கறேன். மேடு பள்ளம், வெள்ளம், மேஜை. மனுஷர் வாயில என்ன கொழுக்கட்டையா?"

இனி மறைத்து என்ன? மகளின் கட்டளையைச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நீங்க கோவிச்சுக்கிட்டு எழுந்து போனீங்களே, அதனாலதான்."

"கோவமா? எனக்கா?" அவர் எக்கார்டை நேராகப் பார்த்தார். "அதைத் திரும்பச் சொல்லுங்க."

எக்கார்ட் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் தோற்றான். தலையாட்டினேன், வேறென்ன செய்ய?

"கடல் ஏன் உள்வாங்குது தெரியுமா? கிழக்கு ஃப்ரீஸ்லாந்துக்காரங்களைப் பார்த்துப் பயந்துபோய் ஓடிடுச்சு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இல்ல. அன்னைக்கும் பாதியிலதான் விட்டீங்க." ஹில்கே கிளாஸைத் தள்ளி வைத்தார். "என் வீட்டுக்காரர் ஹாபோ எந்த விருந்துக்குப் போனாலும் இதைத்தான் சொல்லுவார். கடல் ஓடிடுச்சு. ஓடினது, இவங்க இன்னும் இருக்காங்களா, தொலைஞ்சாங்களான்னு தினம் ரெண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துட்டுப் போகுது."

எக்கார்ட் நாள் முழுக்க அடக்கிய சிரிப்பெல்லாம் சேர்ந்து வெடித்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ஹில்கேயும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார், ஆனால் துடைத்தது நிற்கவில்லை.

"அவர் போய் ரெண்டு வருஷம் ஆகுது. அன்னைக்கு நீங்க நிறுத்தினதும், மீதியை அவர் சொல்லுவார்னு பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்துட்டேன். அதான் எழுந்து போனேன்."

என் கணவருக்குச் சிரிப்பு போய்விட்டது. ஹில்கேயின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, நான் மறைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து யூடித் கூப்பிட்டாள். "அம்மா, அப்பா ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார்."

"போச்சு! எல்லாம் போச்சு!"

ஹில்கே என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார்.

"யூடித், கல்யாணத்துல உங்கப்பாதான் பேசணும். எனக்கு அவர் பக்கத்து நாற்காலியைப் போடு. பாதியில நின்னுட்டார்னா, மீதியைச் சொல்ல ஆள் வேணும்."