ஆறு இருநூறு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஓர் எழுத்து கூடுதலாக இருந்தால் சொன்ன நாக்கு அழுகிப்போகட்டும். ஓர் எழுத்து குறைவாக இருந்தால் அது அச்சுப்பிழை.

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை யாரும் லிஃப்ட் மெக்கானிக் என்று கூப்பிடுவதில்லை. தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இரும்புக் கயிறுகளைத் தொட்டுத் தொட்டு, அவருடைய வலது கை ஆள்காட்டி விரலுக்குள் ஒரு முள் முளைத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத தராசு முள். எதைத் தூக்கினாலும் அது ஆடி, நின்று, எடையைச் சொல்லிவிடும். பத்து கிராம் அப்படி இப்படி என்ற பேச்சே கிடையாது. ஒருமுறை பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் கயிற்றின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "உள்ள எட்டுப் பேர் வர்றாங்க" என்றார். கதவு திறந்து ஏழு பேர் இறங்கினார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எட்டாவது ஆள் எட்டு மாதம் கழித்துப் பிறந்தான். மூன்று கிலோ நூறு.

இப்படி ஒரு விரல் கிடைத்தால் பந்தய சைக்கிள்காரர்கள் சும்மா விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு பேக்கரியின் கண்ணாடிச் சுவரோரம் பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் சாய்ந்து நிற்கும். ஒரு சைக்கிளை இன்னொன்றின்மேல் சாய்ப்பது அங்கே கொலைக்கு அடுத்த குற்றம். சொந்தக்காரர்கள் காப்பிக் கோப்பையோடு சுற்றி வருவார்கள். தன்னுடையதைக் கவனிக்காத மாதிரியும், மற்றவனுடையது எதேச்சையாகக் கண்ணில் பட்ட மாதிரியும் நடிப்பார்கள். ஓட்டுவது ஒரு மணி நேரம், பார்ப்பது இரண்டு மணி நேரம். பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அது போடும் டிக்டிக்கைத் தலை சாய்த்துக் கேட்பார்கள். பல் டாக்டருடையது சில்வண்டு. வக்கீலுடையது தையல் மெஷின். எது உசத்தி என்ற விவாதம் நான்கு வருஷமாக நடக்கிறது. தீர்ப்பு வந்தபாடில்லை.

எடைக்கு மட்டும் விவாதம் கிடையாது. சீட்டுக்குக் கீழே ஒற்றை விரலைக் கொக்கி மாதிரி கொடுத்துத் தராசு தூக்குவார், கண்ணை மூடுவார், சொல்வார். மேல்முறையீடு இல்லை. "கனம் தராசு அவர்களே" என்றுதான் வக்கீல் அவரிடம் பேச்சையே தொடங்குவார். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல எண் வர வேண்டும் என்பதற்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பல் டாக்டர் தன் சைக்கிளின் போல்ட்டுகளை எல்லாம் பல் குடையும் மெஷினால் குடைந்து ஓட்டை போட்டார். பழக்க தோஷத்தில், குடைவதற்கு முன்னால் ஒவ்வொரு போல்ட்டிடமும் "வலிச்சா கையத் தூக்குங்க" என்றார். வக்கீல் பெயின்டே அடிக்காத சைக்கிள் சட்டமாகத் தேடி வாங்கினார்.

"பெயின்ட் மட்டும் தொண்ணூறு கிராம்யா. வெறும் கலருக்காகத் தொண்ணூறு கிராம மேட்டுல ஏத்தணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"என் சட்டத்துல இருக்கு" என்று தன் சைக்கிளின் நடுக்கம்பியைத் தட்டிக் காட்டினார் பல் டாக்டர். "சிவப்புச் சட்டம். நாம நாலு பேர் பாக்கத்தானே ஓட்டுறோம்?"

அடுத்த வாரம் வக்கீல் மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றார். தராசு அவரைத் தூக்கிப் பார்க்காமலே, "பதினோரு கிராம்" என்றார்.

தராசின் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். ஊரார் எலும்பை எல்லாம் ஊடுருவிப் பார்க்கிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் முதல் பந்தய சைக்கிளை அவன் பேக்கரிக்குக் கொண்டுவந்தபோது, தராசு தூக்கிப் பார்த்து, "ஒம்போது அறுநூத்தி முப்பது" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். "அதோட ஒரு மோட்டாரையும் வெச்சிரு தம்பி, யாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்றார் பல் டாக்டர். கண்ணாடிச் சுவரே அதிரும்படி சிரித்தார்கள். மச்சினன் ஒரு வருஷம் பேக்கரிப் பக்கமும் வரவில்லை, அக்கா வீட்டுப் பக்கமும் வரவில்லை. அந்த ஒரு வருஷமும் தராசின் வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாம் ஜாடையில்தான். கடைசியில் மனைவி வாய் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "இனிமே என் தம்பி மனசு கனத்துச்சுன்னா, அதையும் நீங்கதான் தூக்கணும்."

அந்த மச்சினன்தான் இப்போது புதுச் சைக்கிளோடு வந்தான். வருஷத்துக்கு நானூறு சைக்கிள் மட்டுமே செய்கிற கம்பெனியுடையது என்றான். பதினான்கு மாதம் காத்திருந்து, இணையத்தில் பழக்கமான ஒரு ஆள் மூலமாக வரவழைத்தானாம். கூடவே முத்திரை குத்திய சான்றிதழ்: எடை 6.2 கிலோ. அதற்குக் கண்ணாடி போட்டு, கூடத்தில் தன் கல்யாணப் போட்டோ தொங்கிய ஆணியில் மாட்டியிருந்தான். போட்டோ பீரோவுக்குள் போய்விட்டது. அவன் மனைவி இன்னும் கவனிக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தான்.

சைக்கிளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. வக்கீலின் காப்பி ஆறியது. பல் டாக்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பியும் கம்பியும் சேரும் இடத்தை விரல் படாமல் தடவினார். "ஒட்டே தெரியலய்யா. பால் பல்லு மாதிரி இருக்கு."

"நீங்க சொல்லுங்க மாமா" என்றான் மச்சினன்.

தராசு விரலைக் கொடுத்துத் தூக்கினார். முள் ஆடி, ஏழு எழுநூற்று நாற்பதில் நின்றது. ஒன்றரைக் கிலோ பொய். அதோடு போகவில்லை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் கழுத்தில் இடப்பக்கம் பசை கட்டியாக உறைந்து கிடப்பதும், வலப்பக்கம் முட்டை ஓடு மாதிரி மெலிந்திருப்பதும் விரலுக்குள் நமநமத்தது. அசலைப் போல வேஷம் கட்டிய போலி. தராசு கண்ணைத் திறந்தார். எக்ஸ்ரே மேஜையில் படுத்திருப்பவர்களிடம் "மூச்சை அடக்குங்க" என்று சொல்வானே, அப்படி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான் மச்சினன்.

"ஆறு இருநூறு" என்றார் தராசு.

மச்சினனுக்கு மூச்சு வந்தது. தராசின் விரலுக்குள் ஏதோ மளுக்கென்று மடங்கியது.

மடங்கிய முள் நிமிரவில்லை. அன்று மத்தியானம் தண்ணீர்க் கேனைத் தூக்கினார்: ஆறு இருநூறு. தலையணையைத் தூக்கினார்: ஆறு இருநூறு. மனைவியின் கைப்பை, செருப்பு, பக்கத்து வீட்டுப் பூனை, எல்லாம் ஆறு இருநூறு. திங்கட்கிழமை பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் கயிற்றைத் தொட்டார். நானூறு கிலோ தொங்குகிற இடத்தில் ஆறு இருநூறு. 'பழுது, படியில் செல்லவும்' என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தார். அந்த ஒரு வாரத்தில் ஒன்பதாம் மாடிக்காரருக்கு இருந்த தொந்தியே காணாமல் போயிற்று. அவர் மட்டும்தான் நன்றி சொன்னார்.

வியாழக்கிழமை மனைவி வெங்காயப் பையை அவர் முன்னால் வைத்தாள். "எவ்வளவு இருக்கு?"

"ஆறு இருநூறு."

"ரெண்டு கிலோ வாங்கினேன். என்ன பொய் சொன்னீங்க, யார்கிட்ட சொன்னீங்க?"

இருபது வருஷ தாம்பத்தியத்தில் அவளுக்கும் ஒரு முள் முளைத்திருந்தது. தராசு ஒன்று விடாமல் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "போலின்னா போலியாவே இருந்துட்டுப் போகட்டும். அவன் சந்தோஷமா இருக்கான்ல? ஓட்டினா என்ன ஆயிடும்?" என்றாள்.

"மேட்டுல ஒண்ணும் ஆகாது. இறக்கத்துல வேகம் எடுத்தா கழுத்து போயிரும்."

"யாரு கழுத்து?"

"ரெண்டும்."

வெங்காயம் உரிக்காமலே அவள் கண் கலங்கியது. "அவங்க ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறாங்கல்ல? அதுக்குள்ள சொல்லிடுங்க."

"மனசு கனக்குமேன்னுதான்..."

"கழுத்து இருந்தாத்தாங்க மனசு."

தராசு மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் மச்சினன் முந்திக்கொண்டான். "மாமா, சான்றிதழ் வந்தப்பகூட எனக்கு நம்பிக்கை இல்ல. உங்க விரல் சொன்னப்புறம்தான் நிம்மதியா தூங்குறேன்" என்றான். இரண்டாவது முறை, இறக்கத்தில் எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொடப்போகிறேன் என்றான். மூன்றாவது முறை, "மாமா, அன்னிக்கு நீங்க சொன்னீங்களே, அத இன்னொரு தடவ சொல்லுங்களேன். பக்கத்துல என் பொண்டாட்டி இருக்கா, ஸ்பீக்கர்ல போடுறேன்" என்றான். தராசின் வாய், கேட்டவுடன் பாட்டுப் போடும் பெட்டி மாதிரி, "ஆறு இருநூறு" என்றது.

ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினார்கள், தராசும் தன் சைக்கிளில் கூடவே ஏறினார். பதினொரு கிலோமீட்டர் மேடு. தராசு கடைசி ஆளாக, நாக்கு மார்பைத் தொட, உச்சிக்கு வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் சைக்கிள்களைத் தடுப்புச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்துவிட்டுக் காத்திருந்தார்கள். இறங்குவதற்கு முன்னால் எடை பார்த்துவிட வேண்டுமாம். வியர்வையில் ஏதாவது குறைந்திருக்கலாம் என்பது பல் டாக்டரின் நம்பிக்கை. தராசு முதலில் அவருடையதைத் தூக்கினார்.

"ஆறு இருநூறு."

பல் டாக்டர் துள்ளிக் குதித்தார். அடுத்து வக்கீலுடையதைத் தராசு தூக்கினார். ஆறு இருநூறு. வக்கீல் கையெடுத்துக் கும்பிட்டார். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. அதற்குள் முதலில் துள்ளியவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இருங்க. எல்லாம் ஒரே எடைன்னா, நான் குடைஞ்ச ஓட்டைக்கெல்லாம் என்னய்யா மரியாதை?"

"கனம் தராசு அவர்களே, என் மீசைக்கு என்ன பதில்?"

"இருநூத்தி நாப்பது போல்ட்டுய்யா! ஒவ்வொண்ணும் ரூட் கெனால் மாதிரி பண்ணியிருக்கேன்!"

தன் சைக்கிள் லேசானதில் வந்த சந்தோஷத்தைவிட, அடுத்தவனுடையதும் லேசாகிவிட்ட துக்கம் பெரிதாக இருந்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள். அந்தச் சந்தடியில் மச்சினன் ஹெல்மெட்டைக் கட்டிக்கொண்டு ஒரு காலைப் பெடலில் மாட்டியதை யாரும் பார்க்கவில்லை. தராசு பார்த்தார். எதிரே சாலை செங்குத்தாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது.

சைக்கிள்காரர்கள் போடும் ஷூக்கள் ஓடுவதற்கு ஆனவை அல்ல. அடியில் பெடலில் மாட்டும் கட்டை இருக்கும், தாரில் வழுக்கும். தராசு வழுக்கிக்கொண்டே ஓடினார், ஓடிக்கொண்டே வழுக்கினார். சீட்டுக்குக் கீழே விரலைக் கொக்கியாக மாட்டி, மச்சினனோடு சேர்த்து அந்தச் சைக்கிளைத் தரையிலிருந்து தூக்கினார். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றியது.

"ஆளு அறுபத்தெட்டு கிலோ. வண்டி ஏழு எழுநூத்தி நாப்பது" என்றார். "எறங்கு மாப்ளே. போலி. கழுத்துல சத்து இல்ல."

விரலுக்குள் முள் நிமிர்ந்த சத்தம் மலை முழுக்கக் கேட்டது. டொக்.

பல் டாக்டர் மெல்ல வந்து, விரல் கணுவால் ஃபோர்க்கின் கழுத்தை இடமும் வலமும் தட்டிப் பார்த்தார். இடப்பக்கம் கல் மாதிரி. வலப்பக்கம் தீப்பெட்டி மாதிரி. "வேர் போயிருக்கு" என்றார். இந்த முறை ஜோக் அடிக்கவில்லை.

மச்சினன் இறங்கினான். சைக்கிளைப் பார்க்காமல் தராசைப் பார்த்தான். "போன வாரமே தெரியுமா மாமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"விரல் சொல்லிருச்சு. வாய்தான் சொல்லல."

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்க ஆரம்பித்தான். தராசு பின்னாலேயே தன்னுடையதைத் தள்ளினார். முதல் வளைவில் திரும்பிப் பார்த்தால், வக்கீலும் பல் டாக்டரும் மற்றவர்களும் பின்னால் வருகிறார்கள். ஒருவர்கூட ஏறி உட்காரவில்லை. உலகத்திலேயே லேசான பதினொரு சைக்கிள்களை, உலகத்திலேயே நடக்க லாயக்கில்லாத ஷூக்களோடு தள்ளிக்கொண்டு, டொக் டொக்கென்று மலையை விட்டு இறங்கினார்கள்.

நான்காவது வளைவில் மச்சினன் நின்றான். "மாமா, உங்க வண்டி எவ்வளவு?"

தராசு யோசித்தார். பிறகு விரலைக் கொடுத்துத் தூக்கினார். "பதிமூணு தொள்ளாயிரம்."

"பதிமூணா? அதவெச்சா இந்த மேட்ட ஏறுனீங்க?" என்றார் பல் டாக்டர், பின்னாலிருந்து. மச்சினனின் தோள்கள் குலுங்கின. அழுகிறானோ என்று தராசு எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தான்; கண்ணும் நனைந்துதான் இருந்தது. போலியின் ஹேண்டில்பாரை அவரிடம் கொடுத்துவிட்டு, பதின்மூன்று தொள்ளாயிரத்தை வாங்கித் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தான்.

இதுவும் சத்தியம்: அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து ஓயாத மழை. மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள், யாரும் சைக்கிளை வீட்டை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.