மீதிப் பாதி

"அப்பாவ எடுத்துடுங்க," என்றாள் மகள்.

ஸ்டுடியோக்காரர் கணினியில் படத்தைப் பெரிதாக்கினார். மேடையில் அப்பா கையை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், இடது பக்கத்தில், வெந்நீர் பிளாஸ்க்கோடு அம்மா நின்றாள். அவள் முகத்தில் இடப்பாதிதான் தெரிந்தது. மீதியை அப்பாவின் தலை மறைத்திருந்தது.

"அம்மா தனியா இருக்கற படம் ஒண்ணுகூட இல்லையாம்மா?"

"போனைத் தூக்கினாலே மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. அடையாள அட்டையில இருக்கறது யாருன்னு அவங்களுக்கே தெரியாது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. நேற்று சாயங்காலம் செத்துப்போனவளின் படம் என்பது நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டார். "தெரியற பாதியவே திருப்பிப் போட்டு ஒட்டிடறேன். முழு முகமா வந்துடும்."

"ஒட்டுங்க. மத்தியானம் எடுத்துருவாங்க. அதுக்குள்ள அவங்கள ஒரு தடவையாவது எல்லாரும் முழுசாப் பாக்கணும்."

அப்பா ஊரறிந்த சொற்பொழிவாளர். முப்பது வருஷமாக ஒரே பேச்சுதான்: உமைக்குத் தன் உடம்பின் இடப்பாதியைக் கொடுத்த சிவன். "எந்த ஆண்மகன் கொடுப்பான்?" என்று கேட்டுவிட்டுக் கைதட்டலுக்கு நிறுத்துவார். அந்த நேரத்தில் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுவார். அம்மா டம்ளரை வைப்பாள். வீட்டிலும் அதே கை, அதே டம்ளர். கைதட்டல்தான் கிடையாது.

ஒரு நாள் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டே அம்மா கேட்டாள். "அவரு பாதி குடுத்தாரு, சரி. அவளுக்கும் ஒரு முழு உடம்பு இருந்துச்சே. அதுல பாதி எங்கடி போச்சு?"

"அப்பாகிட்டயே கேக்கறதுதானே?"

"உடம்பக் குடுத்ததப் பத்தி நல்லாத்தான் பேசுவாரு. காது குடுக்க மாட்டாரே."

படத்தோடு மகள் வீட்டுக்குத் திரும்பியபோது கூடத்தில் கால்வைக்க இடமில்லை. நடுவில் குளிர்பெட்டி, அதன் பக்கத்தில் நாற்காலியில் அப்பா. "என்னில் பாதி போயிடுச்சு," என்று துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதே மேடைக் குரல். சொல்லிவிட்டு அதே மாதிரி நிறுத்தவும் செய்தார். மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படத்தைப் பெட்டியின் தலைமாட்டில் வைத்தாள்.

அப்பா பார்த்தார். "நாங்க ரெண்டு பேரும் சேந்து இருக்கற படத்தையில்ல பெருசாக்கச் சொன்னேன்?"

"அதுல நீங்கதாம்ப்பா இருக்கீங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு கண்ணுக்குக் கீழயும் மச்சம் இருக்கு பாரு. அவளுக்கு ஒண்ணுதானே. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? ஒண்ண எடுக்கச் சொல்லு."

அது நியாயம்தான். இருந்த அவசரத்தில் மகளே அதைக் கவனிக்கவில்லை. எந்த மச்சம் அம்மாவுடையது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள்.

"எந்தப் பக்கத்து மச்சத்தப்பா எடுக்கச் சொல்ல?"

அப்பாவின் விரல் தன் கண்ணுக்குக் கீழே ஒரு பக்கம் தொட்டது, பிறகு மறுபக்கம் போனது. துக்கத்துக்கு வந்தவர்கள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்கப்பா. ஸ்டுடியோவுக்குப் போன் பண்ணணும்."

அவர் எழுந்து பெட்டியின் மேல் குனிந்தார். கண்ணாடி மூடி முழுக்க ஈரம் படர்ந்து, உள்ளே முகம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தார். தெளியவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தார்.

ஈரம் உள்பக்கத்தில் இருந்தது. மகள் அதைச் சொல்லவில்லை. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.