சட்டைக் கையில் நீல மை

வியாழக்கிழமைதோறும் அண்ணனின் சட்டைக் கையில் நீல மை அப்பியிருந்தது. மற்ற நாட்களில் இல்லை. அவர் பேசுவதற்காக மடியில் வைத்திருக்கும் வெள்ளைப் பலகையின் மை அது என்பது தம்பிக்குத் தெரியும். எதை எழுதி அழிக்கிறார் என்பதுதான் பிடிபடவில்லை. வியாழன் வரும் ஜெபக்குழுவுக்கு அவர் ஒரு வார்த்தைகூட எழுதிக் காட்டியதில்லை. அழிப்பதற்கென்றே ஒரு துணியும் பலகையோடு கட்டித் தொங்கியது.

புற்றுநோய்க்காக அண்ணனின் குரல்வளையை எடுத்து ஐந்து மாதமாகிறது. இப்போது மூச்சு கழுத்திலுள்ள துளை வழியாகப் போய்வருகிறது. நுரையீரல் காற்று வாயை எட்டாததால் கிசுகிசுக்கவும் முடியாது. இருபது வருடம் அந்தக் குழுவில் ஜெபம் நடத்தியவர் அவர்தான்.

மையைவிடப் பெரிய கவலை சாப்பாடு. குழு வந்துபோனால் இரண்டு நாள் தட்டைத் தொடமாட்டார்.

"இன்னும் ரெண்டு கிலோ இறங்கினா வயித்துல குழாய் வெச்சிடுவாங்களாம்," என்றாள் அண்ணி. "கழுத்துல போட்ட ஓட்டை போதாதா? அவங்களை வரவேண்டாம்னு சொல்லிடுங்க தம்பி."

"ஆறுதல் சொல்லத்தானே அண்ணி வர்றாங்க?"

"நல்ல ஆறுதல்! போனதும் சுவத்தைப் பாத்துப் படுத்துக்கறாரு."

தம்பி லிஃப்ட் மெக்கானிக். பழுது தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவான். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. முதல் வாரம் ஏழு பேரை இரண்டாகக் குறைத்தான். அடுத்த வாரம் பாட்டை நிறுத்தினான். பிறகு நேரத்தைப் பாதியாக்கினான். தட்டு அப்படியே இருந்தது. சில பழுதுகள் லிஃப்டை நிறுத்திவிட்டால் தெரியாது. கூண்டின் மேல் ஏறி நின்று, அது ஓடும்போதே பார்க்க வேண்டும். எனவே நான்காம் வாரம், ஜெபத்தின் நடுவே, திருடனைப்போல் கண்ணைத் திறந்தான்.

எல்லாவற்றுக்கும் ஆமென் சொல்வதால் ஆமென் மாமா என்று பெயர் வாங்கியவர் உருகிக்கொண்டிருந்தார். "எங்க சகோதரனைப் பெலப்படுத்தும் ஆண்டவரே!" பக்கத்தில் தையல்காரம்மா இமைகளை இறுக்கி மூடியிருந்தாள்.

அண்ணன் எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதைத் தூக்கி மாமாவிடம் காட்டினார்: 'இவர் முழங்கால் வலியை எடுத்துப்போடும்.' சிறிது நேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு கீழே இன்னொரு வரி எழுதி, தையல்காரம்மா பக்கம் திருப்பினார்: 'இவள் மகன் வீடு திரும்பட்டும். அதுவரை இவளைச் சோர விடாதேயும்.' மாமாவின் குரல் முடிவை நெருங்கியதும், தொங்கும் துணியை எடுக்கக்கூட நேரமின்றி, சட்டைக் கையாலேயே அவசரமாக அழிக்கப்போனார்.

தம்பி அந்தக் கையைப் பிடித்தான். "மாமா, நிறுத்துங்க. கண்ணைத் திறங்க."

"ஜெபத்துலயா? லிஃப்டு நின்னுபோச்சாடா?"

"அண்ணன் ஜெபம் பண்றாரு. யாரும் பாக்கல."

அண்ணன் பலகையை மார்போடு கவிழ்த்துக்கொண்டார். தையல்காரம்மா மெல்ல அதை வாங்கி வாய்விட்டுப் படித்தாள். இரண்டாவது வரியில் அவள் குரல் உடைந்தது.

"நாலு மாசமாச்சு அண்ணே, அவன் போயி. இங்க ஒருத்தரும் கேக்கல."

மாமா தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே அழிச்சீங்க?" என்றான் தம்பி. அண்ணன் எழுதினார்: 'நானே காட்டிப் படிக்கச் சொன்னால் என்மேல் பரிதாபப்பட்டுத்தான் படிப்பீர்கள்.'

"பரிதாபமா? இன்னும் எழுதுங்க. எனக்கு வேணும்," என்றாள் தையல்காரம்மா.

அன்று அண்ணன் பாதித் தட்டு சாப்பிட்டார். தையல்காரம்மாவின் மகன் இன்னும் திரும்பவில்லை. அண்ணனின் குரல் இனி வரப்போவதுமில்லை. ஆனால் அடுத்த மாதம் எடை இறங்கவில்லை, குழாயும் வைக்கவில்லை.

அந்த வீட்டில் ஜெபிக்கும் முறை இதுதான்: வருகிறவர்கள் முதலில் தங்கள் கவலையைச் சொல்வார்கள், யாரும் கண்ணை மூடுவதில்லை, அண்ணன் எழுத எழுத, அருகில் இருப்பவர் சத்தமாகப் படிப்பார், எல்லோரும் படித்து முடித்த பிறகே, துணியால் அழிப்பார்கள்.