தன்னிடம் திரும்புவது

சாமுண்டீஸ்வரிக்கு அம்பத்தூரில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் வேலை. ஜெர்மனும் பிரெஞ்சும் அவள் பொறுப்பு. ஸ்பானிஷும் இத்தாலியனும் பக்கத்து நாற்காலி நாகவல்லிக்கு. அந்த வாரம் செவிலியர்களுக்கான ஓர் ஆங்கிலக் கையேடு வந்திருந்தது. நோயாளி ‘கம் ரவுண்ட்’ ஆகும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. கம் என்றால் வா, ரவுண்ட் என்றால் சுற்றி. இரண்டும் சேர்ந்தால் மயக்கம் தெளிவது.

அந்த வரியை அவள் பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். சென்னீர்குப்பத்தில் லாரி இடித்து, கணவன் ஹேமநாதன் உள்ளே நினைவில்லாமல் கிடந்தான். விடுப்பு தீர்ந்துபோனதால் லேப்டாப்பை அங்கேயே கொண்டுவந்திருந்தாள்.

ஜெர்மனில் ‘சூ சிஷ் கொம்மென்’ என்று எழுதினாள். தன்னிடம் வருவது. பிரெஞ்சிலும் அப்படித்தான், தன்னிடம் திரும்புவது. போனில் நாகவல்லியைக் கேட்டபோது, மற்ற இரண்டிலும் ஏறக்குறைய அதே பேச்சுதான் என்றாள். இத்தனை தேசத்துக்காரர்களும் ஒன்றையே சொல்கிறார்கள் என்பதில் சாமுண்டிக்கு ஒரு தெம்பு வந்தது. எங்கோ போயிருக்கிறான், வந்துவிடுவான்.

கண் திறந்தான். தன் பெயரைச் சொன்னான், அவளையும் அடையாளம் தெரிந்தது. மாமியார் வேம்புலியம்மாள் வார்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

திருமுல்லைவாயில் வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. வீடு அதிரச் சிரிக்கிற மனிதன் உட்காரவைத்த இடத்திலேயே இருந்தான். மகள் படம் வரைந்து காட்டினால் பார்ப்பான்; பிறகு சுவரைப் பார்ப்பான். கோபம்கூட வரவில்லை. மூளையின் முன்பக்கம் அடி, இனி இப்படியேகூட இருக்கலாம் என்றார் டாக்டர்.

“உசுரோட ஊடு வந்து சேந்துட்டான், சோறு துன்றான். அது போதாதா உனுக்கு?” என்றாள் வேம்புலியம்மாள்.

ஜெர்மனியில் சரிபார்ப்பவர்களிடமிருந்து கையேடு திருத்தி வந்தது. அவள் எழுதியதை அடித்து, ‘விழித்துக்கொள்வது’ என்று பொருள்படும் சொல்லைப் போட்டிருந்தார்கள். உன்னுடையதுதான் சரி, விடாதே என்றாள் நாகவல்லி. ஒரு சொல்லுக்காக மெயிலுக்கு மேல் மெயில் அனுப்பிச் சண்டை போடுகிறவள்தான் சாமுண்டி.

“முழிச்சிக்கிறதுன்னே இருக்கட்டும். அதுக்கு மேல நாம சொல்ல முடியாது,” என்றாள் இந்த முறை.

அன்று வீடு திரும்பியபோது ஹேமநாதன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். ஏன் லேட் என்று கேட்கவில்லை. தாடி வளர்ந்திருந்தது. சோப்பைக் குழைத்துப் பூசி, சவரம் செய்ய அவன் முகவாயை நிமிர்த்திவிட்டாள். கையை எடுத்த பிறகும் முகம் அப்படியே நின்றது.