நவோகியைத் தெருவில் கண்டவர்கள்

"கடைசி எழுத்தை இழுக்கக்கூடாது மாமி. நவோகி. அவ்வளவுதான்" என்று அண்ணி திரும்பவும் சொன்னார்.

"இழுக்காமல் எப்பிடிப் பிள்ளை மூண்டாம் மாடியில இருந்து கூப்பிடுறது?" என்றார் அம்மா. "கீழ விளையாடுற பொடியனுக்குக் கேக்க வேண்டாமோ?"

கீழே எந்தப் பொடியனும் இல்லை. பொடியன் அண்ணியின் வயிற்றுக்குள் இருந்தான்.

மியுகி அண்ணி ஒசாகாவில் பிறந்தவர். அண்ணனைக் கட்டி, எங்கள் சனம் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக்கு வந்த நாளிலிருந்து அவருடைய பெயரை ஒருவரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. அதனால் அவருக்கு ஒரே ஒரு ஆசை. பிள்ளைக்கு ஜப்பானியப் பெயர்தான் வைக்க வேண்டும், ஆனால் இந்தத் தெரு முழுக்க அதைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும்.

அம்மா உடனே ஒரு சோதனை கண்டுபிடித்தார். பின்னேரத்தில் பால்கனியில் நின்று, சாப்பிடக் கூப்பிடுவதுபோல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்ப்பது. ஹிரொயுகியில் தொண்டை கட்டியது. கென்சுக்கேயைக் கேட்டு எதிர்வீட்டு நாய் படியேறி வந்துவிட்டது. நவோகி மட்டும் காற்றில் அழகாகப் போனான். பிறகு தினமும் நவோகிதான்.

சில நாட்களில் நான் பால் வாங்க மூலைக் கடைக்குப் போனேன்.

"உங்கட நவோகி சரியான குழப்படி என்ன?" என்றார் கடைக்கார ஜெராட் அண்ணை.

"அண்ணை, அவன் இன்னும் பிறக்கேல்லை."

"இப்பிடிச் செல்லம் குடுத்துத்தான் பழுதாக்கிறியள். நேற்றும் கொம்மா எவ்வளவு நேரம் கூப்பிட்டவ, போனவனோ?"

கீழ்வீட்டுத் திரேசம்மா அவனைப் பூங்காவில் கண்டிருந்தார். இந்தக் குளிருக்குள் தொப்பி போடவில்லையாம். இருமல் மருந்து தந்துவிட்டார். அடுத்த கிழமை யாரோ பந்தடித்து அவருடைய யன்னலை உடைத்தார்கள். யார் என்று எவரும் விசாரிக்கவில்லை. திரேசம்மா பந்தோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"குறை நினைக்காதேங்கோ. அவன் வரட்டும், நான் கதைக்கிறன்" என்று சொல்லிப் பந்தை வாங்கி வைத்தார் அம்மா.

"மாமி, ஏன் மன்னிப்புக் கேட்டனீங்கள்?" என்றார் அண்ணி.

"எங்கட பிள்ளையின்ர பேரைச் சொல்லி வந்திட்டா. விட்டுக்குடுக்கேலுமோ?"

போன சனிக்கிழமை பிள்ளை பிறந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது திரேசம்மா படியிலேயே மறித்துப் பார்த்தார்.

"இது நவோகியின்ர தம்பியோ? அவனை மாதிரி இல்லை, அமைதியான முகம். என்ன பேர்?"

மேலே வந்து கதவைச் சாத்தியதும் அண்ணன் ஆரம்பித்தார். "வேற பேர் பாப்பம். பிறக்க முதலே யன்னல் உடைச்ச பேர் எங்களுக்கு வேண்டாம்."

"இந்தத் தெருவில எல்லாரும் சரியாச் சொல்லுற ஒரே ஜப்பான் பேர் அதுதான்" என்றார் அண்ணி. கண் கலங்கியிருந்தது. "திரேசம்மா எவ்வளவு வடிவாச் சொன்னவ."

அம்மா பந்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "அது சரி பிள்ளை. இவனுக்கு அந்தப் பேரை வைச்சா, மூத்தவன் எங்கை எண்டு கேப்பினமே?"

மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு நவோகியைப் பிடிக்கும், எந்த நவோகி என்றுதான் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கோ, இவனுக்கே அந்தப் பெயரை வைப்போமா, இல்லை தம்பிக்கு வேறு பெயர் தேடுவோமா?