எல்லைக் கண்டத்துப் பெயர்கள்

மீராமுகைதீனுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதுக்கும் தமிழ் ஊரான காரைதீவுக்கும் நடுவில் கிடக்கும் வயல்வெளியை வெள்ளைக்காரன் காலத்தில் கீறிய படம் ஒன்றைப் பழைய கடதாசிக் குவியலிலிருந்து மீட்டவர் அவர். ஓய்வுபெற்ற படவரைஞர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு கண்ணைக் கெடுத்துக்கொண்டு அதைப் பிரதியெடுத்தவரும் அவரேதான். இன்றைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கிருசிகா, அவருடைய விறாந்தையிலேயே உட்கார்ந்துகொண்டு, புதுப் படத்துக்கான விவரத்தை அச்சிமுகம்மதுவிடம் கேட்கிறாள்! வயலுக்குத் தண்ணீர் பகிர்ந்துவிடும் வட்டவிதானை அவன். படத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் தெரியாது.

“இது செல்லம்மை கண்டம். வரம்புக்கு அங்கால ஆமினா கண்டம். ரெண்டுக்கும் ஒரே வாய்க்கால், மகள்.”

“வயல் துண்டெல்லாம் பொம்புளைப் பேரா இருக்கே?”

“பின்ன? தமிழாக்களோ நம்மடாக்களோ, வயல் சீதனமாப் பொம்புளப் புள்ளைக்குத்தானே போற. மாப்புளைர பேரையா வைக்கிற?”

கிருசிகா விழுந்து விழுந்து சிரித்தாள். மீராமுகைதீனின் பிரதியைப் பார்த்து எவராவது ஒருநாள் இப்படிச் சிரித்ததுண்டா? அதில் இலக்கங்களும் இரண்டு ஊரையும் பிரிக்கும் ஒரு நேர்கோடும் மட்டும்தான்.

“சேர்,” என்று அவள் மீராமுகைதீன் பக்கம் திரும்பினாள், “பழைய படத்திலயும் இந்தப் பேர்கள் இருந்தா அச்சில போடலாம். விவரம் தந்தவர்ட பேரும் அடியில வரும். மூலத்தில இருக்கா?”

இருந்தது. கோட்டின் இருபுறமும் பென்சிலால் பொடிப்பொடியாக அந்தப் பெயர்கள் இருந்தன. யாரோ கிறுக்கியிருக்கிறான், வயல் படத்தில் பெண்களின் பெயருக்கு என்ன வேலை என்று பிரதியில் சேர்க்காமல் விட்டவர் அவர்தான். மூலம் உள்ளே அலுமாரியில்தான் கிடக்கிறது; இப்போது அதைத் திறந்தால் போதும். ஆனால் திறந்தால் புதுப் படத்தின் அடியில் அச்சிமுகம்மதுவின் பெயரல்லவா வரும்!

“இல்ல மகள்,” என்றார். “அப்பிடி ஒண்டுமில்ல.”

அச்சிமுகம்மது சண்டைக்கு வருவான் என்று நினைத்தார். அவன் தலையைச் சொறிந்தான்.

“மீராமுகைதீன் காக்கா சொன்னாச் சரிதான். படிச்ச மனிசன் பொய்யா சொல்லப்போறார்? வாப்பாதான் எனக்குப் பிழையாச் சொல்லித் தந்திரிக்காரு போல. வெட்டிடுங்க மகள்.”

கிருசிகா குறித்து வைத்திருந்ததை ஒவ்வொரு பெயராக வெட்டினாள். பிறகு மீராமுகைதீனின் முழுப்பெயரையும் கேட்டு அடியில் எழுதிக்கொண்டாள்.

அச்சிமுகம்மது ஸலாம் சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். பெற்ற வாப்பாவையே விட்டுக்கொடுத்துவிட்டு எப்படி இவனால் இவ்வளவு நிம்மதியாகப் போக முடிகிறது? மீராமுகைதீனுக்கு அதுவும் பொறுக்கவில்லை.